முயல் கூடு கண்ணுல பட்டா என்ன பண்றது? – வாசகர் கேள்வி பதில்

மார்ச் பொறந்ததுல இருந்து வர்ற கடிதம், மெயில் எல்லாத்துலயும் முயல் குட்டி தான். அமெரிக்கா, கனடால இருக்கற நம்ம வாசகர்கள் வீட்டு புல்வெளியில கூடு கட்டறது காட்டன்டெயில்னு சொல்ற காட்டு முயல். பழுப்பு கலர்ல இருக்கும், வாலோட அடிப்பக்கம் மட்டும் வெள்ளையா இருக்கும். பிப்ரவரி மார்ச்ல ஆரம்பிச்சு செப்டம்பர் வரைக்கும் குட்டி போடும். நம்மூர் பக்கத்துல இருந்தும் ரெண்டு பேர் கேட்டிருக்காங்க, அங்க இருக்கற முயல் வேற, அதனால அதுக்கு கீழ தனியா பதில் சொல்லியிருக்கேன்.

கேள்வி: அக்கா, நாங்க நியூஜெர்சி எடிசன்ல புதுசா வீடு வாங்கி வந்திருக்கோம். சனிக்கிழமை என் வீட்டுக்காரர் பின்பக்கம் புல்லு வெட்டிட்டு இருந்தப்ப ஒரு இடத்துல மட்டும் காஞ்ச புல்லு கொத்தா கெடந்துச்சு, காலால ஒதுக்கி பாத்தா உள்ள அஞ்சு முயல் குட்டி, கண்ணு கூட தொறக்கல. சாயங்காலம் வரைக்கும் ஜன்னல் வழியா பாத்துட்டே இருந்தோம், தாய் வரவே இல்ல. மனசு கேக்காம ஷூ டப்பால டவல் விரிச்சு உள்ள கொண்டு வந்து வச்சிட்டோம். பொண்ணு வளக்கலாம்னு ஒரே அழுகை. அடுத்து என்ன செய்யணும்?

பதில்: தங்கச்சி, உங்களுக்கு அன்னைக்கு ராத்திரியே மெயில்ல பதில் போட்டேன், நீங்களும் உடனே கொண்டு போய் திருப்பி வச்சிட்டதா எழுதியிருந்தீங்க, ரொம்ப சந்தோஷம். மத்தவங்களுக்கும் பயன்படும்னு இங்க விவரமா எழுதறேன்.

தாய் முயல் பகல்ல கூட்டு பக்கம் வராது. விடியக்காலையில ஒரு தடவை, இருட்டற நேரத்துல ஒரு தடவை, சில நாள் ராத்திரி நடுவுல, இப்படி வந்து சில நிமிஷம் பால் குடுத்துட்டு போயிடும். கூட்டுக்கு மேல வந்து நிக்கும், குட்டிங்க கீழ இருந்து எக்கி குடிக்கும், குடிச்சு முடிச்சதும் மறுபடி புல்லையும் முடியையும் இழுத்து மூடிட்டு கெளம்பிடும். பூனை, நரி, காக்கா, பருந்து எல்லாம் தாய எப்பவுமே கவனிச்சுட்டே இருக்கும், குட்டிங்க கிட்ட அதிகமா வாசனையும் கெடயாது சத்தமும் கெடயாது, அதனால தாய் அங்க உக்காந்திருந்தா தான் கூடு எங்க இருக்குன்னு காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும். அது தள்ளி ஏதாவது புதர் அடியில தான் இருக்கும். ஜன்னல்ல முழு நாளும் நின்னாலும் நீங்க அத பாக்க முடியாது, அதுவும் பெரியவங்க சின்னவங்க எல்லாரும் கூட்ட சுத்தி நின்னு எட்டிப் பாத்துட்டு இருந்தா அது வர நேரத்துல கூட வராது. வளக்கற முயல் கூட இப்படித்தான், அத பத்தி கீழ ஒரு தம்பி கேட்டிருக்கார்.

அதனால கண்ணு தொறக்காத குட்டி கூட்டுல தனியா கெடக்குதுங்கறது அனாதைன்னு அர்த்தம் இல்ல. அதுங்க எப்பவுமே அப்படித்தான் கெடக்கும். நல்ல மனசோட எடுத்துட்டு வர்றோம் பாருங்க, அங்க தான் அதுங்களுக்கு தாயே இல்லாம போகுது.

திருப்பி வைக்கறது எப்படின்னா, மொதல்ல கைக்கு க்ளவுஸ் போடுங்க. உங்க வாசனைக்காக இல்ல, உங்க பாதுகாப்புக்காக, ஏன்னா இந்த ஊரு காட்டு முயல்கிட்ட உண்ணி இருக்கும், துலரீமியாங்கற ஒரு நோயும் முயல்கிட்ட இருந்து மனுஷனுக்கு வரலாம். கூடு இருந்த அதே பள்ளத்த தேடுங்க. ஒரு சாண் அகலம், அரை சாண் ஆழம், அவ்ளோ தான் இருக்கும், பாக்கறவங்களுக்கு ஏதோ புல்லு காஞ்சு போன எடம்னு தான் தோணும். உள்ள கைய விட்டா மெத்துன்னு சாம்பல் கலர்ல முடி இருக்கும், அது தாய் தன்னோட வயித்துல இருந்தும் நெஞ்சுல இருந்தும் பிடுங்கி போட்டது. மெஷின்ல சிதறிப் போயிருந்தா சுத்தி தேடி அந்த முடிய முடிஞ்ச அளவு பொறுக்குங்க, அது தான் குட்டிக்கு போர்வை. பள்ளமே கலைஞ்சிருந்தா அதே எடத்துல, முடியலன்னா பத்தடிக்குள்ள, கையால லேசா தோண்டி புதுசா ஒரு பள்ளம் பண்ணுங்க. அடியில காஞ்ச புல்லு, அதுக்கு மேல பாதி முடி, அப்புறம் குட்டிங்கள ஒண்ணோட ஒண்ணு ஒட்டுற மாதிரி வச்சு மீதி முடிய மேல போர்த்தி, கடைசில காஞ்ச புல்ல லேசா பரப்பி விடுங்க. பாத்தா எதுவும் தெரியக்கூடாது. டவல், பஞ்சு, டிஷ்யூ எதுவும் உள்ள வைக்காதீங்க.

வச்சாச்சுன்னா எல்லாரும் உள்ள வந்துடணும். தாய் வருதான்னு பாக்க ஒரு சுலபமான வழி இருக்கு. சாதா தையல் நூல எடுத்து கூட்டுக்கு மேல குறுக்கும் நெடுக்குமா ரெண்டு ரெண்டு கோடா, கோலத்துக்கு கட்டம் போடற மாதிரி லேசா போட்டு விடுங்க. அழுத்தாதீங்க, கட்டாதீங்க. மறுநாள் காலையில போய் பாத்தா நூல் நடு எடத்துல இருந்து ஒதுங்கி இருக்கும், மேல மூடுன புல்லு மட்டும் மறுபடி மூடியே இருக்கும், அப்படின்னா தாய் வந்துட்டு போயிருச்சு. குட்டிங்க நெளிஞ்சும் நூல் கொஞ்சம் நகரும், அதனால நூல மட்டும் நம்பாம ஒரே ஒரு குட்டிய கைல எடுத்து வயித்த பாருங்க. முடி மொளைக்காத குட்டிக்கு தோல் அவ்ளோ மெலிசு, பால் குடிச்சிருந்தா வயித்தோட இடது பக்கம் வெள்ளையா ஒரு பட்டை தோல் வழியாவே தெரியும். வயிறு உருண்டையா, உடம்பு சூடா, தோல லேசா கிள்ளி விட்டா உடனே பழையபடி ஆகுதுன்னா கவலையே படாம மூடி வச்சிட்டு வந்துடுங்க. பாத்தது போதும், தெனமும் தெறந்து பாக்க வேண்டாம்.

24 மணி நேரம் கழிச்சும் நூல் அப்படியே கெடக்கு, வயிறு ஒட்டிப்போயி தோல் சுருங்கி குட்டி சில்லுனு இருக்குன்னா அப்ப தான் உதவி வேணும். இல்ல தாய் வண்டியில அடிபட்டு செத்தத நீங்களே பாத்திருந்தாலும் அப்படித்தான். அந்த உதவிய நாம வீட்ல செய்ய முடியாது. அடிபட்ட, அனாதையான காட்டு விலங்குகள வச்சு பாத்துக்க லைசன்ஸ் வாங்கின வைல்ட்லைஃப் ரிஹாபிலிடேட்டர்னு ஒவ்வொரு மாநிலத்துலயும் இருக்காங்க, நியூஜெர்சில மாநில மீன் மற்றும் வனவிலங்கு துறையோட வெப்சைட்லயே லிஸ்ட் இருக்கு. அனிமல் ஹெல்ப் நவ்ங்கற வெப்சைட்ல உங்க ஊரு போட்டா பக்கத்துல யார் இருக்காங்கன்னு காட்டும். லைசன்ஸ் இல்லாம காட்டு விலங்க வீட்ல வச்சிருக்கறது பெரும்பாலான மாநிலத்துல சட்டப்படி தப்பு.

பொண்ணு வளக்கலாம்னு அழறான்னு எழுதியிருந்தீங்க. அவள வச்சே காவல் காக்க சொல்லுங்க. கூட்ட சுத்தி பத்தடிக்கு புல்லு வெட்டாம விடறது, நாலு மூலைக்கும் குச்சி நட்டு அடையாளம் வைக்கறது, இதெல்லாம் அவ வேலைன்னு குடுங்க. ஒரு வாரத்துல கண்ணு தொறக்கும், ரெண்டுல இருந்து மூணு வாரத்துல குட்டிங்க தானா வெளிய வந்துடும். முயல் குட்டி வளர்ற வேகத்துக்கு அவ ஒரு மாசம் கூட காத்திருக்க வேண்டாம், அதுக்குள்ள அதுங்க புல்லு மேயறத அவளே ஜன்னல்ல நின்னு பாப்பா.

கேள்வி: நாங்க டொரன்டோ ஸ்கார்பரோல இருக்கோம். மாமியார் ஊர்ல இருந்து வந்திருக்காங்க, தோட்டத்துல முயல் குட்டிய பாத்துட்டு கைல எடுத்து கொஞ்சிட்டாங்க. இனிமே மனுஷ வாடை பட்டுருச்சு, தாய் சேக்காது, நாம தான் வளக்கணும்னு அவங்களே சொல்றாங்க. உண்மையா?

பதில்: இல்ல. காக்கா குஞ்ச தொட்டா சேக்காது, அணில் குட்டிய தொட்டா சேக்காதுன்னு நாம எல்லாருமே சின்ன வயசுல கேட்டு வளந்தது தான், மாமியார் மேல எந்த தப்பும் இல்ல. ஆனா முயல் விஷயத்துல அது நடக்கறது இல்ல. மனுஷன் தொட்ட குட்டிய கூட்டுல வச்சா தாய் வந்து பால் குடுக்கும், குட்டிய காப்பாத்தற சென்டர்ல இருக்கறவங்க தெனமும் இத தான் செய்றாங்க. சில மணி நேரம், ஒரு நாள் கூட வெளிய இருந்த குட்டிய திருப்பி வச்சாலும் தாய் தேடி வரும், அதனால நேரம் ஆயிருச்சேன்னு விட்டுடாதீங்க. அத்தைகிட்ட பக்குவமா சொல்லி அவங்க கையாலயே திருப்பி வைக்க சொல்லுங்க. அப்புறம் எல்லாரும் சோப்பு போட்டு கை கழுவிடுங்க.

திரும்ப திரும்ப போய் தூக்கி கொஞ்சறது தான் கெடுதல். வாசனையால இல்ல, பயத்தால. முயல் குட்டி கைல அசையாம சாதுவா உக்காந்திருக்குன்னு நமக்கு தோணும், அது நம்மள புடிச்சு போய் உக்காந்திருக்கல, பயத்துல ஒறஞ்சு போயிருக்கு.

கேள்வி: டல்லஸ்ல இருந்து எழுதறேன். எங்க வீட்ல லேப்ரடார் இருக்கு. சரியா அது ஓடி விளையாடற எடத்துல நடுவுல முயல் கூடு கட்டியிருக்கு. கூட்ட வேலிக்கு அந்த பக்கம் மாத்திடலாமா?

பதில்: மாத்தாதீங்க. தாய் அந்த எடத்த தான் ஞாபகம் வச்சு வரும், ரொம்ப தூரம் தள்ளி வச்சா குட்டிங்க எங்கன்னு தெரியாம போயிடும். நாய் இருக்கற வீட்டுல போய் ஏன் கட்டுதுன்னு நெனைப்பீங்க. புல்லு சின்னதா வெட்டின திறந்த எடத்துல கட்டினா எதிரி பதுங்கி வர முடியாது, சுத்தி வேலி வேற இருக்கு, முயலுக்கு அது நல்ல எடமா தெரியுது.

ரெண்டு மூணு வாரம் தான், அத சமாளிச்சா போதும். பகல்ல நாய வெளிய விடும்போது கூட்டு மேல துணி போட்டு வைக்கற ஓட்டை உள்ள பிளாஸ்டிக் கூடை ஒண்ண கவுத்து வச்சு மேல ஒரு செங்கல் வைங்க. நாய் உள்ள வந்ததும் கூடைய எடுத்துடணும், முக்கியமா சூரியன் எறங்கறதுக்கு முன்னாடி எடுத்துடணும், காலையில நல்லா வெளிச்சம் வந்தப்புறம் தான் மறுபடி வைக்கணும். கூடைய ராத்திரி மறந்துட்டீங்கன்னா தாய் வந்து சுத்தி சுத்தி பாத்துட்டு போயிடும், குட்டி பட்டினி கெடக்கும், அதனால ஃபோன்ல அலாரம் வச்சுக்கங்க. சாயங்காலமும் விடியக்காலையும் நாய பெல்ட் போட்டு முன்பக்கம் கூட்டிட்டு போங்க. டெக்சாஸ் வெயில்ல கூடை மேல துணி போட்டு மூடாதீங்க, உள்ள காத்து போகாது.

நாய் ஏற்கனவே கவ்வி இருந்தா அடுத்த பதில பாருங்க, நாய்க்கும் அதே தான்.

கேள்வி: எங்க பூனை ஒரு குட்டி முயல வாய்ல கவ்விட்டு வந்து வாசல்ல போட்டுச்சு. காயம் எதுவும் தெரியல, நல்லா தான் இருக்கு. கூட்டுல விட்டுடலாமா?

பதில்: விடாதீங்க, இது ஒண்ணு தான் நீங்க உடனே எடுத்தே ஆகணும். பூனை வாய்ல பாஸ்டுரெல்லான்னு ஒரு பாக்டீரியா இருக்கு. பூனை பல்லு ஊசி மாதிரி, காயம் முடிக்குள்ள புள்ளி அளவுக்கு தான் இருக்கும், கண்ணுக்கு தெரியாது, ஆனா கிருமி ரத்தத்துல கலந்து ஒண்ணு ரெண்டு நாள்ல குட்டி போயிடும். ஆன்ட்டிபயாடிக் சீக்கிரம் ஆரம்பிச்சா பொழைக்க வாய்ப்பு இருக்கு. அதுலயும் நாமளா வீட்ல இருக்கற மருந்து எதையும் குடுக்கக்கூடாது, மனுஷங்களுக்கும் நாய்க்கும் குடுக்கற அமாக்சிசிலின் மாதிரி மருந்த வாய் வழியா குடுத்தா முயலுக்கு குடல் கெட்டு அதுவே உயிர எடுத்துடும். ஒரு அட்டைப்பெட்டில துணி விரிச்சு, மூடி, இருட்டா அமைதியா வச்சு நேரா ரிஹாபிலிடேட்டர்கிட்ட கொண்டு போங்க. பூனைய மூணு வாரத்துக்கு வீட்டுக்குள்ளயே வைங்க, ஒரு குட்டிய கண்டுபிடிச்ச பூனை மீதி குட்டிய தேடி கண்டிப்பா போகும்.

கேள்வி: அட்லான்டாவுல இருக்கேன். ரோட்டோரத்துல ரெண்டு முயல் குட்டி கெடச்சுது. பசும்பால்ல தண்ணி கலந்து இங்க் ஃபில்லர்ல குடுத்தேன், நல்லா குடிச்ச மாதிரி தான் இருந்துச்சு. மறுநாள் ஒண்ணு வயிறு வீங்கி செத்துப் போச்சு. ரொம்ப அழுதுட்டேன். எங்க தப்பு நடந்துச்சு? இன்னொண்ணுக்கு என்ன குடுக்கலாம்?

பதில்: தம்பி, உங்க கடிதத்த படிச்சு எனக்கும் கஷ்டமா இருந்துச்சு. பசிக்குதுன்னா பால் குடுக்கணும்னு தான் நாம எல்லாரும் நெனைப்போம், ஆட்டுக்குட்டி, நாய்க்குட்டி எல்லாத்துக்கும் அப்படி குடுத்து பாத்து வளந்தவங்க நாம.

முயல் பால் வேற மாதிரி. பசும்பால்ல கொழுப்பும் புரதமும் நாலு சதவீதம் ஒட்டி தான் இருக்கும், முயல் பால்ல ரெண்டுமே அத போல மூணு மடங்கு இருக்கும். அவ்ளோ கெட்டியான பால் குடிக்கறதால தான் அந்த குட்டிக்கு நாளைக்கு சில நிமிஷம் குடிச்சா போதுமா இருக்கு. பசும்பால் அதுலயும் தண்ணி கலந்தது குடுத்தா சத்தும் பத்தாது, செரிக்கவும் செரிக்காது. இன்னொண்ணு, தாய்ப்பால்ல இருக்கற கொழுப்பு குட்டி வயித்துல போய் கெட்ட கிருமிய அடக்கற ஒரு பொருளா மாறுது, அந்த பாதுகாப்பு வேற எந்த பால்லயும் கெடைக்காது. அது இல்லாதப்ப குடல்ல கிருமி பெருகி காத்து நெறஞ்சு வயிறு வீங்கிடும், பேதி ஆகும். ஃபில்லர்ல குடுக்கறப்ப இன்னொரு ஆபத்து, ரெண்டு சொட்டு மூச்சுக் குழாய்ல போனாலே நுரையீரல் கெட்டுடும். மூக்குல பால் நுரை வந்துச்சுன்னா அது தான்.

இதுக்கு மேல பயம் வேற. காட்டன்டெயில் குட்டிய பயிற்சி எடுத்தவங்களே காப்பாத்தறது கஷ்டம், அவங்க கைலயும் நெறைய குட்டி தவறிடும். உங்க கைல போனது அன்பு கொறஞ்சு இல்ல.

மீதி இருக்கற குட்டிக்கு இப்ப எதுவும் குடுக்காதீங்க, பால் வேண்டாம், தண்ணி வேண்டாம், கேரட்டும் வேண்டாம். உடம்பு சில்லுனு இருந்தா மொதல்ல சூடு தான் வேணும். பாட்டில்ல வெதுவெதுப்பான தண்ணி ஊத்தி துணில சுத்தி பெட்டிக்குள்ள ஒரு ஓரமா மட்டும் வைங்க, சூடு அதிகமா போனா குட்டி நகந்து இன்னொரு பக்கம் போகட்டும். டிவி சத்தம், குழந்தைங்க, நாய் எதுவும் இல்லாத ரூம்ல மூடி வச்சிட்டு இப்பவே ஃபோன் போடுங்க. ஒருத்தர் எடுக்கலன்னா அடுத்தவங்களுக்கு போடுங்க, இந்த சீசன்ல அவங்களுக்கு கால் குவிஞ்சுட்டு இருக்கும். குட்டி எந்த எடத்துல கெடச்சுதுன்னு தெளிவா சொல்லுங்க, ஏன்னா காதெல்லாம் நிமிர்ந்து கண்ணு தொறந்த குட்டியா இருந்தா அத அங்கயே கொண்டு விட சொல்லவும் வாய்ப்பு இருக்கு.

கேள்வி: பூச்செடி அடியில ஒரு குட்டி முயல் தனியா உக்காந்திருக்கு. என் உள்ளங்கைல அடங்கற சைஸ் தான். பக்கத்துல போனாலும் ஓடல. அடிபட்டிருக்குமோ?

பதில்: கண்ணு தொறந்து, காது நிமிர்ந்து, டென்னிஸ் பால் அளவுக்கு இருந்தா அது தனியா வாழற வயசுக்கு வந்துடுச்சு. நமக்கு கைக்குழந்தையா தெரியும், அதுக்கு அது முழுசா வளந்த வாழ்க்கை. தாய் அதுக்குள்ள அடுத்த பிரசவத்துக்கு தயாராகிட்டு இருக்கும், குட்டி போட்ட உடனேயே மறுபடி சினை ஆயிடும், 28 நாள் கிட்ட அடுத்தது. ஓடாம இருக்கறது அதோட தற்காப்பு, அசையாம இருந்தா நீங்க பாக்கலன்னு அது நம்பிட்டு இருக்கு. ரத்தம், ஈ மொய்க்கறது, காலு இழுத்துட்டு போறது, ஒரு பக்கமா சாஞ்சு விழறது, இதுல ஏதாவது இருந்தா மட்டும் உதவி கூப்பிடுங்க. மத்தபடி நீங்க நகந்தா அதுவும் நகரும்.

கேள்வி: அரிசோனா சாண்ட்லர்ல வீட்டு பின்னாடி பெரிய முயல் ரெண்டு அடிபடாமலே செத்து கெடக்கு. பக்கத்துல குட்டிங்களும் இருக்குமோன்னு தேடிட்டு இருக்கோம்.

பதில்: தேடறத நிறுத்திட்டு மொதல்ல அரிசோனா கேம் அண்ட் ஃபிஷ் துறைக்கு ஃபோன் போடுங்க. 2020 மார்ச்ல நியூ மெக்சிகோல காட்டு முயல்ங்க கூட்டமா சாக ஆரம்பிச்சுது, ஆர்ஹெச்டிவி 2ங்கற வைரஸ். அந்த வருஷமே உங்க மாநிலத்துக்கும் வந்துருச்சு. மனுஷனுக்கும் நாய் பூனைக்கும் அது ஒட்டாது, ஆனா செருப்பு, துணி, கை வழியா முயலுக்கு முயல் பரவும், வீட்ல வளக்கற முயலுக்கும் வரும். வெளிக்காயம் இல்லாம ஒண்ணுக்கு மேல செத்து கெடந்தா தொடக்கூடாது, நாயையும் விடக்கூடாது. உங்க வீட்லயோ பக்கத்து வீட்லயோ முயல் வளக்கறாங்கன்னா இன்னைக்கே சொல்லிடுங்க, தடுப்பூசி இருக்கு, டாக்டர்கிட்ட கேக்க சொல்லுங்க.

கேள்வி: புதுக்கோட்டை, ஆலங்குடி பக்கம் விவசாயம் பண்றோம். கடலை பறிக்கையில ரெண்டு முயல் குட்டி இருந்துச்சு, முடியெல்லாம் இருக்கு, கண்ணும் முழிச்சிருக்கு, ஆனா ஓடாம அப்படியே உக்காந்திருந்துச்சு. வேலைக்கு வந்த பசங்க ஒண்ண வீட்டுக்கு எடுத்துட்டு போயிட்டாங்க. இன்னொண்ண வரப்போரம் விட்டுருக்கேன். கூடு எங்கன்னு தேடி பாத்தேன், ஒண்ணும் இல்ல.

பதில்: அண்ணே, கூடு இருக்காது. மேல சொன்ன அமெரிக்க முயலும் நம்ம காட்டு முயலும் வேற வேற இனம். நம்மளது பெரிசு, காது நீளம், பிடரி கறுப்பா இருக்கும், அந்த கறுப்பு பிடரிய வச்சே அடையாளம் சொல்லிடலாம். இது வளை தோண்டாது, முடி பிடுங்கி கூடும் கட்டாது. புல்லு ஓரத்துல, செடி தூருல உடம்பு அளவுக்கு ஒரு படுக்கை, அவ்ளோ தான். குட்டி பொறக்கும்போதே முடியோட, கண்ணு முழிச்சு பொறக்கும். பொறந்த கொஞ்ச நாள்லயே ஒண்ணு இங்க ஒண்ணு அங்கன்னு பிரிஞ்சு தனித்தனியா படுத்துக்கும், அப்ப ஒண்ணு நரிகிட்டயோ கீரிகிட்டயோ மாட்டினாலும் இன்னொண்ணு தப்பிக்கும். இருட்டினதுக்கு அப்புறம் தாய் வந்து பால் குடுத்துட்டு போயிடும். அதனால ஒத்தையா உக்காந்திருக்கற குட்டிய தாய் விட்டுட்டு போயிருச்சுன்னு எடுக்கவே கூடாது.

நீங்க வரப்போரம் விட்டது நல்ல வேலை. அது இருந்த எடத்துல இருந்து எட்டின தூரத்துலயே நெழலும் மறைவுமா இருக்கற புதரா பாத்து விடணும், அவ்ளோ தான். கைல ஒரு கொத்து புல்ல பிடிச்சு அதோட தூக்கினா நல்லது. பசங்க எடுத்துட்டு போன குட்டிய இன்னைக்கே வாங்குங்க, பொழுது சாயற நேரத்துல அது எந்த பாத்தில இருந்துச்சோ அதுக்கு பக்கத்துல விட்டுட்டு ஆளு, நாயி எல்லாம் வெலகிடுங்க. ரெண்டு நாள் ஆகியிருந்தாலும் விட்டுப் பாருங்க. ரொம்ப சோந்து போயிருந்தா வனச்சரக அலுவலகத்துல சொல்லுங்க. பசங்ககிட்ட இதையும் சொல்லிடுங்க, 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல காட்டு முயலுக்கு பாதுகாப்பு இருக்கு, பிடிக்கறதும் குத்தம், கூண்டுல வளக்கறதும் குத்தம், பொங்கல் சமயத்துல வேட்டைக்கு போறவங்க மேல கேஸ் விழறது இதுல தான்.

அறுப்பு சமயத்துக்கு ஒரு யோசனை. மெஷின் விடறப்ப வெளிய இருந்து சுத்தி சுத்தி உள்ள வந்தா முயல், கௌதாரி, காடை எல்லாம் நடுவுல ஒதுங்கி கடைசில மாட்டிக்கும். நடுவுல இருந்து வெளி பக்கமா, இல்லாட்டி ஒரு கோடில இருந்து மறு கோடிக்கு அறுத்தீங்கன்னா அதுங்க ஓடி தப்பிக்க வழி இருக்கும். பெரிய குட்டிங்க அப்படி ஓடிடும், பால்குட்டி ஓடாது, அதுக்கு முன்னாடி ஒரு ஆள் நடந்து பாத்துட்டு போறது தான் ஒரே வழி. உங்க செலவு எதுவும் கூடப்போறது இல்ல, தயவு செஞ்சு பக்கத்து காட்டுக்காரங்ககிட்டயும் சொல்லுங்க.

கேள்வி: நான் கொடைக்கானல்ல எட்டாவது படிக்கிறேன். எங்க வீட்ல வளக்கற வெள்ளை முயல் குட்டி போட்டுருக்கு, ஆனா குட்டி பக்கமே போக மாட்டேங்குது. அப்புறம் காட்டு முயல் குட்டி கெடச்சா இதோட சேத்து விடலாமா?

பதில்: தம்பி, உன் முயல் நல்ல தாய் தான். மன்னவனூர் ஆராய்ச்சி நிலையத்துல வளக்கற வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா ரகத்துல இருந்து உன் வீட்டு முயல் வரைக்கும் எல்லா வளர்ப்பு முயலும் ஐரோப்பா காட்டு முயல் வழி வந்தது. அது காட்டுல குட்டி போட்டா வளைய மண்ணு தள்ளி மூடிட்டு போயிடும், 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை வந்து மூணு நாலு நிமிஷம் பால் குடுக்கும். உன் முயலும் நீ தூங்கறப்ப அத செஞ்சிருக்கும். காலையில ஒரு குட்டிய எடுத்து வயிறு உருண்டையா இருக்கான்னு பாரு, இருந்தா போதும். பெட்டில வைக்கோலும் அது பிடுங்கின முடியும் இருக்கட்டும், சுத்தம் பண்றேன்னு முடிய எடுத்துடாத. மலை குளிருக்கு அது இல்லன்னா குட்டி தாங்காது.

காட்டு முயல் குட்டிய சேத்து விடாத. ரெண்டும் வேற இனம், பால் சேராது, ஒண்ணோட நோய் இன்னொண்ணுக்கு போகும், உன் தாய் முயல் அத கடிக்கவும் செய்யும். காட்டு முயல் குட்டி பாத்தா பாத்துட்டு வந்துடு.

கேள்வி: சிகாகோ பக்கம் நேப்பர்வில்ல கொல்லைல வெண்டை, அவரை, கொத்தவரை எல்லாம் போட்டிருக்கேன். மொளச்சு ரெண்டு இலை விட்டதும் முயல் தின்னுடுது. இப்ப தக்காளி பாத்திலயே கூடு கட்டியிருக்கு. கலைச்சு விட்டா பாவமா?

பதில்: கலைக்காதீங்கம்மா. அந்த ஒரு பாத்திய மட்டும் மூணு வாரத்துக்கு விட்டுடுங்க, தண்ணி ஊத்தறத கூட கூட்டு மேல படாம ஓரமா ஊத்துங்க, பள்ளத்துல தண்ணி தேங்கினா குட்டி நனைஞ்சு குளுந்து செத்துடும். மத்த பாத்திய இன்னைக்கே வேலி கட்டிடலாம். கோழிக்கு அடிக்கற கம்பி வலை, ஓட்டை ஒரு இஞ்சுக்கு மேல இல்லாம, ரெண்டடி ஒசரம் போதும், காட்டன்டெயில் அதுக்கு மேல தாண்டாது. அடியில ரெண்டு மூணு இஞ்ச் மண்ணுக்குள்ள போகணும், இல்லன்னா தோண்டி வந்துடும். வலை அடிக்கறதுக்கு முன்னாடி உள்ள வேற கூடு இருக்கான்னு கையால புல்ல லேசா ஒதுக்கி நல்லா பாத்துக்கங்க, இருந்து நீங்க வேலி கட்டிட்டா தாய் வெளிய மாட்டிக்கும். குட்டிங்க போனதும் அந்த பள்ளத்த மண்ணு போட்டு மூடி தக்காளி பாத்தியையும் வலைக்குள்ள கொண்டு வந்துடுங்க, அவரை அப்ப மறுபடி விதைச்சாலும் நல்லா ஏறும்.